யாழ்ப்பாண வளவில் பொட்டில் பிரஷ்: இலையையும் பூவையும் பார்த்துக் குறை கண்டறிதல்

யாழ்ப்பாணத்தில் பூக்கன்று விற்கும் இடங்களில் பொட்டில் பிரஷ் என்ற பெயரில் கிடைக்கும் செடி, அவுஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. போத்தல் கழுவும் தூரிகையைப் போல நீண்டு சிவந்த அதன் பூவில் மனம் வைத்து வாங்கி வந்து, முற்றத்தில் நட்டு, முதல் மாரியில் அது தளிர்ப்பதைப் பார்த்து மகிழ்ந்து, அடுத்த கோடையில் இலைகள் வெளிறத் தொடங்கியதும் காரணம் தேடாமல் உரத்தை அள்ளிப் போட்டவர்களுள் நானும் ஒருவன். செடி அதனால் தேறவில்லை. பின்னர் ஒவ்வோர் அறிகுறியையும் தனித்தனியாகக் கவனித்தபோது எனக்குத் தெளிவானது இதுதான்: எங்கள் வளவுகளில் இந்தச் செடிக்கு வரும் குறைகளிற் பெரும்பாலானவை பசியால் வருவன அல்ல, சுண்ணாம்பால் வருவன. அந்தச் சுண்ணாம்பு மண்ணுக்குள்ளும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரோடும் நாள்தோறும் வந்து சேர்கிறது. ஆகையால் எந்த அறிகுறியைக் கண்டாலும் உரப்பையைத் திறக்கும் முன் தண்ணீரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

செடியின் இயல்பைச் சிறிது தெரிந்துகொண்டால் குறையை அறிவது எளிதாகும். இது கொய்யா, நாவல், ஜம்பு, யூக்கலிப்டஸ் ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. 1814ஆம் ஆண்டில் ரொபேட் பிரவுண் என்ற தாவரவியலாளர் இதற்குக் கலிஸ்டெமன் என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அழகிய மகரந்தக் கேசரம் என்பது அதன் பொருள். பூவின் சிவப்பு முழுவதும் கேசரங்களின் சிவப்பே. இதழ்கள் மிகச் சிறியவை, கண்ணில் படாமலே உதிர்ந்துவிடும். இக்காலத் தாவரவியலாளர் பலர் இதனை மெலலூக்கா என்ற பேரினத்துக்குள் சேர்த்துவிட்டதால் இரண்டு பெயர்களும் வழங்குகின்றன. தோட்டங்களில் பெரிதும் வளர்க்கப்படுவன இரண்டு இனங்கள். கிளைகள் தொங்கும் விமினாலிஸ் என்பது குயின்ஸ்லாந்திலும் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் ஆற்றோரங்களில் வளர்வது. இலையைக் கசக்கினால் எலுமிச்சை மணம் தரும் சிற்றினா என்பது நியூ சவுத் வேல்ஸிலும் விக்டோரியாவிலும் ஓடைக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளர்வது. இரண்டுமே சுண்ணாம்பு குறைந்த மென்னீர் ஓடும் இடத்துச் செடிகள். சுண்ணாம்புக் கல்லின்மேல் அமர்ந்திருக்கும் எங்கள் குடாநாட்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால், மண்ணுக்குள் இறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் இடுக்குகளில் தேங்கிய மழைநீரையே கிணறுகளில் அள்ளுகிறோம். செடிக்கும் நிலத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டிலிருந்தே பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன.

குறை என்று எண்ணப்படுவன, ஆனால் குறை அல்லாதவை

பூ உதிர்ந்த பின் கொம்பைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் சிறு குமிழ்கள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றைப் பூச்சியின் முட்டை என்று கருதிக் கத்தியால் சுரண்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவை விதைக்கூடுகள். தாய்க்கிளை உயிரோடு இருக்கும்வரை அவை பல ஆண்டுகள் மூடியபடியே இருக்கும். கிளை முறிந்து காய்ந்தாலோ தீ பட்டாலோதான் திறந்து தூள் போன்ற விதைகளைக் கொட்டும். காட்டுத்தீக்குப் பழகிய நாட்டுச் செடி தன் விதையைக் காத்துவைக்கும் முறை அது. சுரண்டினால் பட்டை காயப்படுவது மட்டுமே மிச்சம்.

புதிய தளிர் இளஞ்சிவப்பாகவோ செம்பு நிறமாகவோ, பட்டுப்போன்ற மென்மயிரோடு வருவதும் இயல்பானதே. இரண்டு மூன்று வாரங்களில் அது பச்சையாகிவிடும். அவ்வாறு பச்சையாகாமல் மஞ்சளாகி நின்றால் மட்டுமே கவலைப்பட வேண்டும்.

மருந்துக்கு முன் மூன்று சோதனைகள்

முதலாவது சோதனைக்குச் சமையலறையே போதும். கேத்திலின் உட்புறத்தைப் பாருங்கள். அடியில் வெள்ளைப் படிவு கட்டியாக ஏறியிருந்தால் அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்று, அதாவது சுண்ணாம்பு. அதே தண்ணீர்தான் செடிக்கும் போகிறது என்றால், கேத்திலில் படிந்தது வேரடியிலும் படிந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது சோதனைக்கு, செடியின் அடியிலிருந்து ஒரு சாண் ஆழத்தில் எடுத்த ஒரு பிடி மண்ணை உலர்த்தி, அதன்மேல் வினாகிரியை ஊற்ற வேண்டும். மண் நுரைத்துச் சீறினால் அதனுள் சுண்ணாம்பு நிறைந்திருக்கிறது. செம்மண் என்று நாம் நம்பியிருக்கும் வளவிலும் வீட்டைச் சுற்றிய மண் பல இடங்களில் நுரைக்கும். அத்திவாரம் வெட்டியபோது மேலே வந்த சுண்ணாம்புக்கல் மக்கியும், பூச்சு வேலையில் சிந்திய சீமெந்தும், போரில் இடிந்த பழைய வீட்டின் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் எங்கள் வளவுகள் பலவற்றில் மண்ணுக்குள்ளேயே கிடக்கின்றன. எனவே மண்ணைச் செடி நிற்கும் இடத்திலிருந்தே எடுக்க வேண்டும். வளவின் மறுகோடியில் எடுத்த மண் அதற்குச் சாட்சி சொல்லாது.

மூன்றாவது, தண்ணீரின் உப்பு. நாவுக்கு உவர்ப்புத் தெரிந்தால் வேறு சோதனை தேவையில்லை. நாவுக்குத் தெரியாத அளவும் செடிக்குத் தெரியும் என்பதால், பி.எச். பெறுமானத்தையும் (அமிலமா காரமா என்ற அளவு; ஏறினால் காரம்) மின்கடத்துதிறனையும் (கரைந்த உப்பைக் காட்டும் அளவு) ஒருமுறையாவது அளவிட்டுக்கொள்வது நல்லது. அளவிடுவதானால் கோடையின் கடைசியில் ஒருமுறையும் மாரி முடிந்த பின் ஒருமுறையும் அளவிடுங்கள். நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பதைப் போலவே, குடாநாட்டின் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. கோடையில் இறைப்பு மிகும்போது கரையோரக் கிணறுகளின் குணம் மாறும்.

இளம் இலை மஞ்சளாகிறது, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறது

எங்கள் ஊரில் இந்தச் செடிக்கு வரும் தலையாய குறை இதுவே. கிளை நுனியிலுள்ள புதிய இலைகள் முதலில் மஞ்சளாகும். நடு நரம்பு பச்சைக் கோடாகத் தெரியும். கீழேயுள்ள முதிர்ந்த இலைகள் பச்சையாகவே இருக்கும். குறை முற்றினால் புதிய இலை ஏறத்தாழ வெள்ளையாகவே பிறந்து, வெயிலில் ஓரம் கருகி உதிர்ந்துவிடும். இது இரும்புச் சத்து இலைக்குப் போய்ச் சேராததன் அறிகுறி. பச்சையம் உருவாக இரும்பு வேண்டும். செடியால் பழைய இலையிலிருந்த இரும்பை எடுத்துப் புதிய இலைக்குக் கொடுக்க முடியாது. அதனால்தான் குறை எப்பொழுதும் நுனியிலேயே முதலில் தோன்றுகிறது.

இங்கே நின்று சிந்திக்க வேண்டிய ஒன்று உண்டு. வலிகாமத்துச் செம்மண்ணின் சிவப்பு நிறம் இரும்பு ஒட்சைட்டினால் வந்தது. இரும்பின்மேலேயே நின்றுகொண்டு செடி இரும்புக்கு ஏங்குகிறது. மண்ணின் பி.எச். ஒரு படி ஏறினால், கரைந்த நிலையிலுள்ள இரும்பு ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வேர் அமிலத்தைச் சுரந்து அந்த இரும்பைக் கரைத்தெடுக்க முயலும். ஆனால் சுண்ணாம்பிலிருந்து வந்து கிணற்றுத் தண்ணீரில் கரைந்துள்ள இருகாபனேற்று என்ற காரப்பொருள் அந்த அமிலத்தை உடனே நடுநிலையாக்கிவிடும். ஆகவே இரும்பு இல்லாமையைவிட, இருப்பதை வேர் எடுக்க முடியாமற் செய்யும் தண்ணீரே பெரிய குறை. இரும்பு சேரட்டும் என்று துருப்பிடித்த ஆணியைச் செடியடியில் புதைப்பதால் பயன் இல்லாததற்கும் காரணம் இதுதான்.

முதலில் நிறுத்த வேண்டியவற்றைச் சொல்கிறேன். காலையில் முற்றம் கூட்டிய கஞ்சலைச் செடியடியில் எரிப்பதையும், அடுப்புச் சாம்பலை அங்கே கொட்டுவதையும் நிறுத்துங்கள். சாம்பல் காரத்தன்மை உடையது, தென்னைக்கு நன்மை செய்யும் சாம்பல் இந்தச் செடிக்குக் கேடு செய்யும். முட்டைக்கோதும் அப்படியே. எரிப்பதற்குப் பதிலாக அந்தக் கஞ்சலை அடிமரத்தில் முட்டாமல் நான்கு விரல் தள்ளி மூடாக்காகப் பரப்பினால் வேர் குளிரும், தண்ணீர்த் தேவையும் குறையும். ரி.எஸ்.பி. போன்ற பொசுபரசு உரத்தையும் நிறுத்துங்கள். மிகுந்த பொசுபரசு இரும்பு செடிக்குள் போவதை மேலும் தடுக்கும்.

அடுத்தது உடனடி உதவி. அன்னபேதி என்று நாம் அழைக்கும் இரும்புச் சல்பேற்றில் 5 கிராமை ஒரு லீற்றர் மழைநீரில் கரைத்து, அரைத் தேசிக்காயின் புளியும் இரண்டு துளி சவர்க்காரத் திரவமும் சேர்த்து, வெயில் தாழ்ந்த பின் இலைகளில் தெளிக்கலாம். கிணற்றுத் தண்ணீரில் கரைத்தால் சிறிது நேரத்தில் கரைசல் துரு நிறமாகி வீணாகிவிடும்; தேசிப்புளி சேர்ப்பது அதைத் தடுக்கவே. முதலில் ஒரு கிளையில் தெளித்து மூன்று நாள் பார்த்து, இலை கருகவில்லை என்றால் முழுச் செடிக்கும் தெளியுங்கள். சீமெந்துத் தரையில் பட்ட இடம் மஞ்சட்கறையாகி நிலைத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரங்களில் இலையிற் பச்சை தெரியும். ஆனால் அதன்பின் பிறக்கும் இலை மறுபடி மஞ்சளாகவே வரும். தெளித்தல் அந்தந்த இலைக்கு மட்டும் உதவும்.

வேருக்குக் கொடுக்க விரும்பினால் கீலேற்று வடிவிலான இரும்பை, அதாவது கரைந்தபடியே இருக்குமாறு வேறொரு சேர்மம் பிடித்துவைத்திருக்கும் இரும்பை, கேட்டு வாங்க வேண்டும்; அதிலும் வகை பார்த்து வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ஈ.டி.ரி.ஏ. வகை, காரத்தன்மையுள்ள மண்ணில் இரும்பைக் கைவிட்டுவிடும். சுண்ணாம்பு மண்ணில் நிலைத்து நிற்பது ஈ.டி.டி.எச்.ஏ. வகை, கரைத்தால் ஆழ்ந்த செந்நிறம் தரும். விலை அதிகம். இருந்தாலும் முதல் வகையை மூன்று முறை வாங்கிப் பயன் காணாமல் இருப்பதைவிட இரண்டாவதை ஒருமுறை வாங்குவது சிக்கனம்.

கந்தகத் தூள் போட்டு மண்ணைப் புளிக்கச் செய்யலாம், அதாவது அமிலத்தன்மையாக்கலாம் என்ற ஆலோசனையை அவுஸ்திரேலியாவில் இருக்கும் உறவினர்கள் அடிக்கடி சொல்வார்கள். சுண்ணாம்பில்லாத அவர்களின் மண்ணுக்கு அது பொருந்தும். 100 கிராம் கல்சியம் காபனேற்றைக் கரைத்து முடிக்க 32 கிராம் கந்தகம் வேண்டும். இரண்டடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி ஆழமுள்ள குழியில் ஏறத்தாழ 280 கிலோ மண் இருக்கும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு என்றால் 14 கிலோ. அதனைக் கரைக்க நாலரைக் கிலோ கந்தகம் போட வேண்டும். அவ்வளவும் போட்ட பின், லீற்றருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்புக்குச் சமமான காரத்தன்மையுள்ள தண்ணீரை நாளுக்கு 10 லீற்றர் வீதம் 300 நாள் ஊற்றினால் 900 கிராம் சுண்ணாம்புக்கு ஈடான காரம் திரும்ப வந்துவிடும். தண்ணீரில் வினாகிரி கலந்து ஊற்றுவதும் நிலைத்த தீர்வாகாது. வினாகிரியின் அமிலத்தில் எஞ்சுவதை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தின்று மறுபடி இருகாபனேற்றாகவே விடுகின்றன.

நிலைத்த தீர்வு மழைநீர். ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர் தண்ணீர் சேரும். 20 சதுர மீற்றர் கூரைப் பகுதிக்குப் பீலி கட்டினால், 50 மில்லிமீற்றர் பெய்யும் ஒரு கார்த்திகை நாளில் 1,000 லீற்றர்த் தாங்கி நிறைந்துவிடும். வேர்பிடித்த செடி ஒன்றுக்கு வாரத்தில் இரண்டு முறை 10 லீற்றர் வீதம் 30 வாரக் கோடைக்கு 600 லீற்றர் போதும். ஓட்டுக்கூரைத் தண்ணீர் நல்லது. சீமெந்து மொட்டைமாடித் தண்ணீர் சிறிது சுண்ணாம்பைக் கொண்டுவரும். முதல் மழையில் கூரை கழுவப்படட்டும், இரண்டாவது மழையிலிருந்து சேகரியுங்கள். டெங்கு பரவும் ஊர் ஆகையால் தாங்கியின் வாயை நுளம்பு நுழையாத வலையால் இறுகக் கட்டாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

வினாகிரிச் சோதனையில் மண் பலமாக நுரைத்தால், நிலத்தில் நடுவதை விட்டு 60 லீற்றருக்குக் குறையாத பிளாஸ்ரிக் பரலில் வளர்ப்பதே என் முடிவான கருத்து. சீமெந்துச் சாடியும் கிணற்று வளையமும் வேண்டாம். அவையே சுண்ணாம்பைக் கசியவிடும். தென்னந்தும்புத் தூள் இரண்டு பங்கு, நுரைக்காத மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய மாட்டெரு அரைப் பங்கு என்ற கலவை எனக்கு ஒத்துவந்தது. தும்புத் தூளில் உப்பு இருக்கும். மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த பின்னரே கலக்க வேண்டும். கடற்கரை மணலில் சிப்பித் துகள் இருக்கும் என்பதால் மணலுக்கும் அதே வினாகிரிச் சோதனையைச் செய்துகொள்ளுங்கள்.

முதிர்ந்த இலைகள் மஞ்சளாகின்றன

கீழிலைகள் முழுவதும் ஒரே சீராக வெளிறி, நுனி இலைகள் பச்சையாக இருந்தால் அது நைதரசன் குறைவு. மணற்பாங்கான இடங்களிலும் மாரி முடிந்த உடனும் இது தோன்றும். யூரியாவைவிட அமோனியம் சல்பேற்று நல்லது. அது வேரடியைச் சிறிது புளிக்கவும் செய்யும். ஒரு மேசைக்கரண்டியை ஒரு வாளி தண்ணீரில் கரைத்து ஈரமண்ணில் ஊற்றினால் போதும். கீழிலைகளில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மகனீசியக் குறைவு. எப்சம் உப்பு ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றரில் கரைத்து இலைக்குத் தெளிக்கலாம். ஆண்டுக்கொருமுறை சில பழைய இலைகள் உதிர்வதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

இலை நுனியும் ஓரமும் கருகுகின்றன

மஞ்சளாகாமல், நுனியிலிருந்து பழுப்பாகி உள்நோக்கிக் காய்ந்தால் உப்பையே முதலில் சந்தேகிக்க வேண்டும். தீவகம், அரியாலையின் கடனீரேரிப் பக்கம், வடமராட்சிக் கரையோரம் ஆகிய இடங்களில் கோடைக் கிணறு உவர்க்கும். தெற்குத் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடற்பக்கத்து இலைகள் மட்டும் கருகினால், உப்பு தண்ணீரில் வரவில்லை, காற்றில் வருகிறது. மாலையில் நல்ல தண்ணீரால் இலைகளைக் கழுவிவிட்டு, அந்தப் பக்கத்தில் கிடுகு வேலியோ சவுக்கோ மறைப்பாக நிற்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். காரைநகரில் கடற்கரைக்கே பெயர் கொடுத்த சவுக்கும் அவுஸ்திரேலியாவின் வடகரையில் இயற்கையாக வளர்வதுதான். உப்புக்காற்றைத் தாங்குவதில் அது பொட்டில் பிரஷை விடப் பலமடங்கு வல்லது.

உப்பு வரும் இன்னொரு வழி எங்கள் வீட்டு வழக்கத்திலேயே இருக்கிறது. கிணற்றடியில் குளித்த தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் வாய்க்கால் வழியாக வாழைக்கும் கமுகுக்கும் போகும். அந்த வாய்க்காலின் ஓரத்தில் ஈரம் இருக்கிறதே என்று இந்தச் செடியையும் நட்டுவிடுவோம். சவர்க்காரத்திலும் சலவைத் தூளிலும் உள்ள சோடியமும் காரமும் ஓரிரு ஆண்டுகளில் இலை நுனியைக் கருக்கிவிடும். வாய்க்காலைத் திருப்ப வேண்டும், அல்லது செடியை மாற்ற வேண்டும். இரண்டுக்கும் நடுவில் வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே சேர்ந்த உப்பைக் கழுவ, அடிக்கடி சிறிது சிறிதாக ஊற்றுவதை விட்டு, பத்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை நிறைய ஊற்றி வேருக்குக் கீழே இறங்கவிடுங்கள். ஐப்பசி மழை அதைவிடச் சிறப்பாக அந்த வேலையைச் செய்யும்.

செடி தழைக்கிறது, ஆனால் பூக்கவில்லை

முதலில் வெயிலைக் கணக்கிடுங்கள். நாளுக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மாமர நிழலிலும் வீட்டின் வடக்குச் சுவரோரமும் நட்ட செடி உயரமாக வளரும், பூக்காது. அடுத்து, கன்று விதையிலிருந்து வந்ததா, கொம்பிலிருந்து வந்ததா என்று விற்றவரிடம் கேளுங்கள். விதைக்கன்று பூக்கச் சில ஆண்டுகள் ஆகும். பூத்த செடியின் கொம்பை வெட்டி வேர்பிடிக்க வைத்த கன்று விரைவில் பூக்கும்.

வெயிலும் வயதும் சரியாக இருந்தால் கத்தரிக்கோலே காரணமாக இருக்கும். பூமொட்டு கிளையின் நுனியில் உருவாகிறது. வேலி போல அழகாக இருக்க வேண்டும் என்று மாதந்தோறும் நுனியைச் சீராக வெட்டுபவர், மொட்டையே ஒவ்வொரு முறையும் வெட்டி எறிகிறார். வெட்டுவதற்குரிய நாட்கள் பூ வாடிய உடன் வரும் ஒன்றிரண்டு வாரங்கள் மட்டுமே. அப்போது வாடிய பூக்கதிருக்குச் சற்றுக் கீழே வெட்டினால், அந்த இடத்திலிருந்து பக்கக்கிளைகள் இரண்டு மூன்று பிரிந்து அடுத்த முறை ஒவ்வொன்றும் பூக்கும். வெட்டாமல் விட்டாலும் செடி பழுதாகாது: பூக்கதிரின் நடுத்தண்டு பூவோடு முடிந்துவிடாமல், நுனியிலிருந்து தளிர்விட்டு மேலே நீண்டுகொண்டே போகும். அதனால்தான் வெட்டாத கிளையில் விதைக்கூட்டுக் கொத்து, வெறுந்தண்டு, மறுபடி விதைக்கூட்டுக் கொத்து என்று வரிசையாகத் தெரிகிறது. அந்தக் கொத்துகளை எண்ணினால் அந்தக் கிளை எத்தனை முறை பூத்தது என்று சொல்லிவிடலாம். எனக்கு இந்தச் செடியில் மிகவும் பிடித்தது இதுவே.

மிகுந்த நைதரசனும் பூவைக் குறைக்கும். காய்கறிப் பாத்திக்கு அருகில் நட்ட செடி, மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் போட்ட உரத்தை உறிஞ்சி இலையாகவே பெருகும்.

செடி திடீரென வாடுகிறது

மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் தண்ணீர் ஊற்றாதீர்கள். காய்ந்த மண்ணில் வாடிய செடியும் ஊறிய மண்ணில் வாடிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். நிலத்தில் நின்று வேர்பிடித்த பொட்டில் பிரஷ், ஆற்றோரச் செடி என்பதால், மாரியில் ஒரு வாரம் வெள்ளம் நின்றாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். சாடிச் செடிக்கு அந்த வலு இல்லை. சாடியின் துளை வேராலோ மண்ணாலோ அடைபட்டு, வேர் அழுகி, மண்ணில் நாற்றம் வந்தால், செடியை வெளியே எடுத்துக் கறுத்த வேர்களை நீக்கி, புதிய கலவையில் வைத்து, கிளைகளில் மூன்றில் ஒரு பங்கை வெட்டி நிழலில் வைக்க வேண்டும்.

மண் காய்ந்திருந்தால், குறிப்பாகத் தும்புத் தூள் கலவை முற்றாகக் காய்ந்திருந்தால், மேலே ஊற்றும் தண்ணீர் சாடியின் ஓரத்தால் வழிந்து கீழே போய்விடும். உள்ளே ஈரம் ஏறாது. சாடியை வாளியில் அரை மணி நேரம் அமிழ்த்தி வைப்பதே வழி. நட்ட முதல் ஆண்டில் பங்குனி முதல் ஆவணி வரை இந்தக் கவனம் தேவை. ஈரமும் சரியாக இருந்து ஒரு கிளை மட்டும் வாடினால், அதன் அடியில் கறையான் மண் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இலையில் கரி படிகிறது, எறும்பு ஏறுகிறது

இலையில் படியும் இந்தக் கரி ஒரு நோய் அல்ல. சாறு உறிஞ்சும் மாப்பூச்சியோ செதிற்பூச்சியோ விடும் இனிப்பு நீரில் வளரும் பூஞ்சணம் அது. எறும்பு அந்த இனிப்புக்காகப் பூச்சியைக் காத்துநிற்கும். ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சிறிது சவர்க்காரத் திரவமும் கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளிக்க வேண்டும். வாரம் ஒருமுறையாக மூன்று வாரம். பூத்திருக்கும் நாட்களில் பூவில் படாமல் தெளியுங்கள்; தேன்சிட்டும் தேனீயும் வரும் பூ அது.

செடி காற்றுக்குச் சாய்கிறது

பையில் நீண்ட நாள் நின்ற கன்றின் வேர் சுற்றிச் சுற்றிச் சுருண்டிருக்கும். அதை அப்படியே நட்டால் ஆண்டுகள் போனாலும் வேர் விரியாது. கார்த்திகைப் புயலில் செடி அடியோடு சாயும். நடும்போதே சுருண்ட வேரை மூன்று நான்கு இடங்களில் நெடுக்காகக் கீறி விரித்துவிட வேண்டும். ஏற்கெனவே சாய்ந்த இளஞ்செடியை நிமிர்த்தி, மேற்பகுதியைக் குறைத்து, இரண்டு தடிகளுக்கு நடுவில் தளர்வாகக் கட்டிவிடுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு வலுப்பெறாது.

கிரெவில்லியா நட்டவர்களுக்கு

மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழல் மரமாக நிற்கும் கிரெவில்லியாவின் செடிவகைகளை இப்போது சிலர் கொண்டுவந்து நடுகிறார்கள். மேலே சொன்னவற்றுள் ஒன்று அதற்குப் பலமடங்கு கடுமையாகப் பொருந்தும். அவுஸ்திரேலியாவின் மிகப் பழைய, சத்துக் குறைந்த மண்ணில் சிறிதளவு பொசுபரசையும் தேடி எடுப்பதற்காகக் கொத்துக் கொத்தான மயிர்வேர்களை உருவாக்கிக்கொண்ட குடும்பம் அதனுடையது. எடுப்பதை நிறுத்தத் தெரியாத அந்த வேருக்கு ரி.எஸ்.பி.யும் கோழியெருவும் நஞ்சாகும். இலை கருகி, செடி சில வாரங்களில் மடியும். அதற்கு மாரி வெள்ளமும் ஆகாது. மழைநீரும் மேட்டு மண்ணும் இல்லாதவர் அதனை நடாமல் விடுவதே நல்லது. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினர் பயணப்பெட்டியில் விதையோ கொம்போ அனுமதியின்றிக் கொண்டுவருவது 1999ஆம் ஆண்டின் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது; கொய்யாவும் நாவலும் ஜம்புவும் நிற்கும் வளவுக்கு அந்தக் குடும்பத்து நோய் ஒன்று வந்து சேர்வதையும் நாம் விரும்பமாட்டோம்.

வைத்தியம் பலிக்கிறதா என்று எப்படி அறிவது

ஏற்கெனவே வெளிறிய இலையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்; அது முழுப் பச்சைக்குத் திரும்புவது அரிது. மழைநீருக்கு மாறிய நாளில் ஒரு கிளையின் நுனிக்குச் சற்றுக் கீழே நூல் ஒன்றைக் கட்டிவிடுங்கள். நூலுக்கு மேலே புதிதாக வரும் தளிர் முதலில் செம்பு நிறமாக இருக்கும்; மூன்றாவது வாரத்தில் அதன் நிறத்தைப் பாருங்கள். பச்சையாகிவிட்டால் மழைநீரைத் தொடருங்கள், அன்னபேதித் தெளிப்பை நிறுத்தலாம். மஞ்சளாகவே நின்றால் மண்ணை மறுபடி எடுத்து வினாகிரி ஊற்றிப் பார்த்து, வரும் ஐப்பசி முதல் மழையோடு செடியைப் பரலுக்கு மாற்றுங்கள்.